மலைப் புல்லுக்கு என்ன விலை?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டி, நீலகிரியில் வெறும் புல்லாகக் கிடக்கும் சரிவுகளில் மரம் நட நினைக்கிறோம். புவி சூடாவதைத் தடுக்கக் காடுதானே வேண்டும்? வேகமாக வளரும் மரமாக வைத்தால், பிறகு வெட்டி விற்று மலைமக்களுக்கும் வருமானம் தரலாம். நீங்களோ ஒரு கூட்டத்தில் 'அங்கே மரம் நடாதீர்கள்' என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். ஏன்?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

பேசியது உண்மைதான். புல்வெளியில் நடாதீர்கள் என்றேன். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் திட்டம் அந்த மலை ஏற்கெனவே ஒருமுறை பார்த்ததுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. சீகைப் பட்டை தோல் பதனிட, கற்பூர மரம் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு அரசே புல்வெளிகளில் அவற்றைப் பரப்பியது. அந்த மரங்கள் லாரியில் இறங்கி, சிறுமுகையில் பவானிக் கரையில் இருந்த ஆலையில் கூழாகி, விஸ்கோஸ் என்ற துணி இழை ஆயின. ஏட்டில் புல்வெளிக்கு வரவு எதுவும் இல்லை, மரத்துக்கு இருந்தது. அதனால் புல் போனது.

அந்த வரவாவது நியாயமானதா? அக்காலத்தில் காட்டுப் பொருள் ஆலைகளுக்கு எப்படிப் போனது என்பதற்கு ஓர் உதாரணம். கர்நாடகத்தில் காகித ஆலைக்கு ஒரு டன் மூங்கில் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டதைச் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் பதிவு செய்திருக்கிறார். கூடை முடைபவர்கள் அதே மூங்கிலைச் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். மலைமக்களுக்கு வருமானம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஒன்றரை ரூபாய்தான்.

சிறுமுகை ஆலை மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சீகை இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும்.

அவலாஞ்சிக்கு மேலே ஒரு சரிவில், மார்ச் வெயிலில், புல் தூருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பின்னிக் கிடந்த வேர்களுக்கு இடையே கறுப்பு மண், விரலில் ஒட்டும் ஈரம். பத்தடி தள்ளி சீகைத் தோப்புக்குள் காய்ந்த சருகுதான். அந்தக் கறுப்பு மண்ணில்தான் புல்வெளி காற்றிலிருந்து எடுத்த கரியை (கார்பனை) சேர்த்து வைக்கிறது. மேலே தீ ஓடினாலும் அதில் பெரும்பகுதி கீழே தங்கும், புல்லும் மறுபடி துளிர்க்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து உங்கள் ஊர்க் குழாய்க்கு வரும் பவானித் தண்ணீர், மடிப்பில் சோலைக்காடும் மேட்டில் புல்லுமாக இருக்கும் இந்த மலைகளில்தான் பிறக்கிறது.

இப்போது கரிக்கு விலை வந்திருக்கிறது. 2030க்குள் காடும் மரமும் பெருக்கிக் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உள்ளிழுப்போம் என்று நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல இலக்கு, எனக்கு அதில் மனப்பூர்வமான விருப்பம் உண்டு. ஆனால் அளவுகோலைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து விழுக்காடு மரநிழல் இருந்தால் இந்திய வன அளவைத் துறைக்கு அது காடு. என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. சீகைத் தோப்பு காடாகிவிடும். வரையாடு மேயும் புல்வெளி ஆகாது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் 1973க்கும் 2014க்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது. வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் சோலைக்குள் குடிபோக முடியாது, அவற்றுக்குப் புல்தான் வீடு. 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி பூக்க வேண்டிய ஆண்டும் அதே 2030. அதுவும் இந்தத் திறந்த சரிவுகளில் வளர்வதுதான்.

சீகையை எல்லாம் ஒரேயடியாக வெட்டித் தள்ளலாமே என்று நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன். அது தவறு. முற்றிய சீகையின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாக வளர்ந்து நிற்கின்றன. அங்கே கை வைக்கக்கூடாது. சீகை புல்வெளிக்குள் புதிதாக ஏறும் ஓரத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

மரம்தான் வைக்க வேண்டும் என்றால் நொய்யல் கரையில் புங்கனும் நீர்மருதும் வையுங்கள், நானும் வருகிறேன். மலைக்குத்தான் பணம் அனுப்புவீர்கள் என்றால், வனத்துறை அனுமதியோடு சீகை நாற்றுப் பிடுங்கும் உள்ளூர்க்காரர்களின் கூலிக்கு அனுப்புங்கள். ஓராண்டுக்கு மட்டும் போதாது, விதை தீரும்வரை ஆண்டுதோறும் வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது முழங்கால் உயர நாற்று கையோடு வந்துவிடும்.

அன்புடன்.