பெட்ரோல் கார் சைலன்சர் குழாய்க்குள் கருப்பாகக் கரி படிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கார்பன் கிளீனிங் செய்யச் சொல்கிறார்கள். என்ஜினில் கோளாறா?

கருப்பு நிறத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. காய்ந்த கரியா, ஆயில் பிசுக்கா என்று பாருங்கள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், குழாய் ஆறியிருக்கும்போது ஒரு டிஷ்யூ பேப்பரை உள்ளே விட்டுச் சுற்றி எடுங்கள். பொடியாக உதிர்ந்து, ஊதினால் பறந்தால் வெறும் கரி. பளபளவென்று ஒட்டிக்கொண்டு, விரலில் தேய்த்தால் வழுக்கி, சோப்புக்கும் லேசில் போகாவிட்டால் ஆயில்.

"குழாய் உள்ளே சாம்பல் நிறமா இருக்கணும் சார், அதான் நல்ல என்ஜின்" என்று பழைய மெக்கானிக்குகள் இன்னும் சொல்வார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் அது சரி. 2000-ல் அதை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாம்பல் நிறமும் அதோடு போயிற்று. இப்போது நல்ல என்ஜினிலும் உள்பக்கம் கொஞ்சம் கருப்பாகத்தான் இருக்கும். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோல் அடிக்கும் டர்போ வண்டிகளில் இன்னும் கூடுதலாக இருக்கும்.

அதோடு நம் ஓட்டும் பழக்கம். பிள்ளையை ஸ்கூலில் விட்டு, காய்கறி வாங்கி, வீட்டுக்கு வந்துவிடுகிறோம். சென்னை வெயிலில் என்ஜின் சூடாகத்தானே இருக்கும் என்று தோன்றும். என்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி. நம்ம 35 டிகிரி அதற்குக் குளிர்தான். சூடேறும்வரை பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகவே போகும், கரியும் படியும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆறிய குழாயில் அது கரியோடு கலந்து தெறிக்கும். பார்க்கிங்கில் வண்டிக்குப் பின்னால் சுவரில் கருப்புப் புள்ளிகள் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், பயப்படாதீர்கள்.

காய்ந்த கரியோடு மைலேஜும் இறங்கி, பின்னால் நின்றால் பெட்ரோல் வாடையும் அடித்தால் கதை வேறு. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம், புகையை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, "தெர்மோஸ்டாட் இருக்கா?" என்றுதான். என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. ஓவர்ஹீட் என்று போன வண்டியில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று அதைக் கழற்றிவிட்டு அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. மீட்டரில் சூடு ஏறாது, ஓனருக்கும் நிம்மதி. என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மட்டும் பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் ஓட ஓட டெம்பரேச்சர் முள் கீழே இறங்கினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்கேனர் போட்டால் ஊகம் வேண்டாம். 'லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்' மைனஸ் 10 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால், பெட்ரோல் அதிகமாகிறது என்று ஈசியூ குறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் இல்லையா, புகைச் சான்றிதழைப் பாருங்கள். பிஎஸ்4 புகை விதிப்படியும் அதற்குப் பிந்தைய விதிப்படியும் வந்த பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம். வண்டியை ஒழுங்காகச் சோதித்துத் தந்த சீட்டாக இருந்தால், அந்த எண் ஒன்றே நிறையச் சொல்லிவிடும்.

ஆயில் பிசுக்கு என்றால், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை வாரம் ஒருமுறை பாருங்கள். சிக்னலில் வெகுநேரம் நின்று கிளம்பும்போது மட்டும் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் சிலிண்டருக்குள் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் போயிருக்கும். பாலம் ஏறும்போது, அழுத்தி ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், டர்போ வண்டியென்றால் டர்போ சீல். சீல் வேலை சின்னது, ரிங் வேலை பெரியது. "என்ஜினை இறக்கணும்" என்றால் முதலில் சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

கார்பன் கிளீனிங்? காய்ந்த கரிக்குத் தேவையில்லை, ஆயில் பிசுக்கை அது தீர்க்காது. குழாயைத் துடைத்துவிட்டு ஈசிஆரில் மாமல்லபுரம்வரை ஒரே சீரான வேகத்தில் போய் வாருங்கள். பிறகும் அதேபோல் படிந்தால் ஸ்கேன் செய்யலாம்.

பழைய டீசல் கார் வாங்க யாராவது இதைப் படித்தால் ஒன்று: 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 டீசலில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அந்தக் குழாயில் விரல் கருப்பானால் ஃபில்டர் உடைந்திருக்க வேண்டும், அல்லது யாரோ கழற்றியிருக்க வேண்டும். புதிது போட ஆகும் செலவைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.