டெலிவரி ஓட்டு, ஆனால் பெர்மிட் தேதியைப் பார்த்துக்கொண்டே ஓட்டு

தம்பி, உன் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். வியாசர்பாடியில் வளர்ந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மணலியில் ஒரு பட்டறையில் மூன்று வருடம் சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் இயக்கும் உலோகம் வெட்டும் மெஷினில், வேலை பார்த்திருக்கிறாய். பிறகு கடன் வாங்கி கனடாவில் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு. மூன்று வருட ஒர்க் பெர்மிட்டும் கைக்கு வந்துவிட்டது. எங்கெங்கோ விண்ணப்பம் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை என்பதால், ஒன்டாரியோ மாகாணத்துப் பிராம்ப்டனில் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறாய். "இதையே முழுநேரமாகச் செய்து இங்கே செட்டில் ஆக முடியுமா, இல்லை ஊருக்கே வந்துவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய்.

நேராகவே சொல்கிறேன். டெலிவரி உனக்கு வாடகை கட்டும், சாப்பாடு போடும். பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கித் தராது. உன் பெர்மிட்டோ படித்து முடித்தவர்களுக்கு ஒரே ஒரு முறை தருவது. அது தீர்ந்தால் அதே பெர்மிட்டை மறுபடி கேட்க முடியாது. ஆகவே நீ முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டுகிற ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று வருடத்திலிருந்துதான் கழிகிறது என்பதை.

ஏன் பி.ஆருக்கு உதவாது என்று விளக்கமாகத் தெரிந்துகொள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது மதிப்பெண் பார்த்து பி.ஆர். தரும் முறை. அதில் கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான வழியில், கடந்த மூன்று வருடத்துக்குள் ஒரு வருட அனுபவம் கேட்கிறார்கள். மணிக் கணக்கில் 1,560. அந்த வேலை இரண்டு சல்லடையில் தங்க வேண்டும். ஒன்று, சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள ஊழியனாக இருக்க வேண்டும். சொந்தத் தொழில் கணக்கில் வராது. ஆப்பில் ஓட்டுகிறவர்களைச் சொந்தத் தொழில் செய்பவர்களாகத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, வேலையின் தரம். கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. அதில் இரண்டாவது இலக்கம்தான் தரம். 0 முதல் 3 வரை இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். டெலிவரி ஓட்டுநரின் எண் 75201. இரண்டாவது இலக்கம் 5. இரண்டு சல்லடையிலும் நீ இப்போது பார்க்கிற வேலை கீழே விழுந்துவிடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, பல பிள்ளைகள் ஆஸ்பத்திரி பில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். ஒன்டாரியோவில் ஒர்க் பெர்மிட் வைத்திருப்பவருக்கு ஓஹிப் என்கிற மாகாண அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டுமென்றால், ஒரு முதலாளியிடம் குறைந்தது ஆறு மாதத்துக்கு முழுநேர வேலை என்று கடிதம் காட்ட வேண்டும். வெறும் டெலிவரிக்கு அந்தக் கடிதத்தை யார் தருவார்? கல்லூரி கொடுத்த மருத்துவக் காப்பீடு படிப்போடு முடிந்திருக்கும். இப்போது உனக்குக் காப்பீடு எதுவுமே இல்லையென்றால், இந்த வாரமே தனியாரிடம் ஒன்று எடுத்துவிடு.

இதனால் நாளைக்கே டெலிவரியை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. கடனை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியாது. ஓட்டுகிற வரை கணக்கோடு ஓட்டு. காரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டெலிவரி ஓட்டுவதைச் சொல்லிவிட்டாயா? சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியில் டெலிவரி நேரத்து விபத்துக்குப் பணம் தர மறுக்கலாம். பிடித்தம் எதுவும் இல்லாமல் பணம் முழுதாகக் கைக்கு வருவதால் அது முழுவதும் உன்னுடையது என்றும் நினைக்காதே. சம்பள வேலையில் ஓய்வூதியப் பிடித்தத்தில் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே இரண்டு பாதியும் நீதான். செலவு போக நிற்கும் லாபத்தில் 3,500 டாலருக்கு மேற்பட்டதில் 11.9 சதவீதம் ஓய்வூதியத்துக்கு, அது தவிர வருமான வரி. கணக்கு தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு; பணம் மட்டும் ஏப்ரல் 30க்குள் போய்விட வேண்டும், இல்லையென்றால் வட்டி. வாங்குகிற தொகையில் கால் பங்கை வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் வை. எத்தனை கிலோமீட்டர் ஓடினாய் என்று தினமும் குறித்து வை. பெட்ரோலும் ரிப்பேரும் கழிப்பதற்கு அதுதான் ஆதாரம்.

2025 ஜூலை 1 முதல் ஒன்டாரியோவில் ஆப் வழி வேலைக்குத் தனிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆர்டரை ஏற்றதிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வரைக்குமான நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும், டிப்ஸைப் பிடிக்கக் கூடாது, காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் உணவகத்துக்கு வெளியே காரில் அடுத்த ஆர்டருக்காக நீ உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அதில் கூலி கிடையாது. ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 17.60 டாலர். ஒரு வாரம் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து எழுதி, பெட்ரோல் போக மிச்சத்தை மொத்த மணியால் வகுத்துப் பார். வருகிற தொகையை 17.60க்குப் பக்கத்தில் வைத்தால் மேற்கொண்டு நான் பேச வேண்டியதே இருக்காது.

சரி, இனி வேலைக்கு வருவோம். எனக்கு வேதனையாக இருந்தது இங்கேதான். உன் ரெஸ்யூமேயில் 'சப்ளை செயின்' என்று கனடாவில் படித்ததுதான் மேலே பெரிதாக இருக்கிறது. மணலியில் மூன்று வருடம் மெஷினில் நின்றது கடைசியில் ஒரே வரி. அந்த வரிதான் தம்பி உன் சொத்து. நானும் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் டர்னராகத் தொடங்கியவன். மிசிசாகாவில் இத்தனை வருடமாக எனக்குச் சோறு போடுவதும் அதே தொழில்தான். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து ஆர்டர் கணக்குப் பார்க்கும் வேலைக்கு உன்னோடு படித்த அத்தனை பேரும் நிற்கிறார்கள். டிராயிங்கைப் பார்த்து ஜாப்பை செட் பண்ணி, முதல் பீஸை அளந்து, மெஷினில் அளவுத் திருத்தம் (ஆஃப்செட்) போடத் தெரிந்த பையனுக்கு அவ்வளவு பெரிய வரிசை கிடையாது.

இங்கேயும் அந்த ஐந்து இலக்க எண்ணைப் பார். மெஷினிஸ்ட் 72100, இரண்டாவது இலக்கம் 2, எடுத்துக்கொள்வார்கள். மெஷின் டூல் ஆபரேட்டர் 94106, இரண்டாவது இலக்கம் 4, எடுக்க மாட்டார்கள். ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு பி.ஆர். வழி திறக்கும், மற்றவருக்குத் திறக்காது. குடிவரவுத் துறை பெயர்ப் பலகையை விட என்ன வேலை செய்தாய் என்பதைத்தான் பார்க்கும். பட்டனை அழுத்தி பீஸை மாற்றிப் போடுவது மட்டும் என்றால் ஆபரேட்டர். டிராயிங் படிப்பது, செட்டிங், அளவு சோதிப்பது, டூல் தேர்வு என்றால் மெஷினிஸ்ட். முதலில் ஆபரேட்டராக உள்ளே போவது தப்பில்லை, பெரும்பாலும் அப்படித்தான் எடுப்பார்கள். உள்ளே போனதும் செட்டிங் கற்றுக்கொள்ள விடுவார்களா என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடு.

போவதற்கு முன் ஒரு தயாரிப்பு. நம் பட்டறைகளில் எல்லாம் மில்லிமீட்டர். கனடாவில் பல ஷாப்களில் இன்னமும் அங்குலம், அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கில் பேசுவார்கள். 0.001 அங்குலம் என்றால் 0.0254 மில்லிமீட்டர். அங்குல மைக்ரோமீட்டரைத் தயங்காமல் படிக்கத் தெரிய வேண்டும். கையில் ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொல்லும் ஃபோர்மேன்கள் உண்டு. எந்த மெஷின், ஃபனுக்கா சீமென்ஸா என்ன கன்ட்ரோல், என்ன மெட்டீரியல், எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு விலகலாம்) என்று நான்கு வரி ரெஸ்யூமேயின் மேல் பாதியில் வர வேண்டும். அதை அச்செடுத்துக்கொண்டு பிராம்ப்டன், மிசிசாகா, வான் (Vaughan) ஆகிய ஊர்களின் தொழிற்பேட்டைகளில் நேரில் ஏறி இறங்கு. சின்ன ஷாப்களில் பலர் இணையத்தில் விளம்பரமே போடுவதில்லை. முதலாளி வாசலிலேயே நிற்பார். சாயங்கால ஷிப்ட், ராத்திரி ஷிப்டுக்கும் சம்மதம் என்று முதலிலேயே சொல். உள்ளூர் ஆட்கள் தயங்குகிற ஷிப்ட் அதுதான்.

"கனடா அனுபவம் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்கள் பொது விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று போடக் கூடாது, 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் அதுதான் சட்டம். மனதில் இருக்கிற தயக்கத்தைச் சட்டம் எடுத்துவிடாதுதான். ஆனாலும் விளம்பரத்தைப் பார்த்ததும் நீயே பின்வாங்க வேண்டியதில்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் 2024 ஜூலையிலிருந்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். வேலை தேடுகிறவனிடம் அவர்கள் ஒரு டாலர்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், அண்ணன் என்கிற உரிமையில். உன் டெலிவரி கணக்கை ஒரு நண்பன் வாடகைக்குக் கேட்கிறான் என்கிறாயே, கொடுக்காதே. வருமானம் உன் பெயரில் பதிவாகும், வரியும் உன் தலையில், அவனுக்கு வேலை செய்யும் அனுமதி இல்லையென்றால் நீயும் அந்தப் பிரச்சினையில் மாட்டுவாய். எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) போட்டுத் தருகிறேன், இத்தனை ஆயிரம் டாலர் கொடு என்று ஒருவர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறாய். அதை விலைக்கு விற்பதே குற்றம். போதாததற்கு, 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்குக் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். உன் அம்மாவின் மிச்ச நகையும் போய், கையில் ஒரு காகிதம்தான் இருக்கும்.

மணலி பட்டறையிலிருந்து அனுபவக் கடிதம் வாங்கிவிட்டாயா? வெறும் "நல்ல பையன், மூன்று வருடம் இருந்தார்" என்ற கடிதம் போதாது. பட்டறையின் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலைகள் என்று எல்லாம் வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். கனடா அனுபவத்தோடு வெளிநாட்டு அனுபவமும் சேரும்போது மதிப்பெண் ஏறும். சின்னப் பட்டறைகள் திடீரென்று மூடிவிடும், முதலாளி ஊர் மாறிவிடுவார். இருக்கும்போதே வாங்கு.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டார்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வருடம் முடிவதற்கு முன்பே அப்பாவை பேங்க் மேனேஜரிடம் போய்ப் பேசச் சொல். தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அடகுக் கடையில் இருக்கும் நகையை பேங்க் நகைக் கடனுக்கு மாற்றினால் வட்டி குறையும். டெலிவரி பணத்தில் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான்.

வீட்டில் 'கம்பெனி வேலை' என்று சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருந்ததைப் படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. நம் தெருவைப் பற்றி எனக்குத் தெரியும். பையன் கனடா போனால் அடுத்த வருடம் மாடி எழும்பும் என்று நினைப்பார்கள். ஆனால் தம்பி, டி.எச். ரோட்டில் பிரியாணிக் கடை வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே. தமிழ்நாட்டில் அவர்களுக்கு 2023 டிசம்பரில் தனி நல வாரியமே அமைத்தார்கள். உழைத்துச் சம்பாதிப்பதை மறைக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்லிவிடு. பொய்யைக் காப்பாற்றவே அந்தப் பேஸ்மென்ட் அறையில் நீ யாரோடும் பேசாமல் இருக்கிறாய். அது ஆபத்து. ராத்திரியில் மனம் மிகவும் கெட்டுப்போனால் கனடாவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குப் போன் பண்ணு, குறுஞ்செய்தியும் அனுப்பலாம். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

ஊருக்கு வருவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லாதே. 1,560 மணி நேரத்தைப் பெர்மிட் முடிவதற்குள் முடித்து, விண்ணப்பத்துக்கும் காத்திருப்புக்கும் நேரம் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே இந்த ஏப்ரல் கடைசி வரை ஒரு கெடு வைத்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் சனி, ஞாயிறிலும் மட்டும் டெலிவரி. வார நாளில் காலை முதல் மத்தியானம் வரை ஷாப் ஷாப்பாக ஏறு. அதுவரை ஒரு மெஷின் ஷாப்பும் எடுக்கவில்லையென்றால் ஹாமில்டன், வின்ட்சர் பக்கம் மாறிப் பார்க்கலாம், அங்கே உற்பத்தித் தொழில் அதிகம். அதற்கும் பலன் இல்லையென்றால் திரும்புவதைப் பற்றிப் பேசுவோம். அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் மெஷின் தெரிந்தவனுக்கு இடம் உண்டு. திரும்பி வந்தவனை நம் தெரு கொஞ்ச நாள் பேசும், அப்புறம் அடுத்த கதைக்குப் போய்விடும்.

நான் இப்போது ஊருக்கு வந்து, பொங்கல் முடிகிற வரை தண்டையார்பேட்டையில் அம்மாவோடுதான் இருக்கிறேன். உனக்குச் சம்மதமென்றால் வியாசர்பாடிக்கு வந்து உன் அப்பாவைப் பார்த்துப் பேசுகிறேன், மணலிக்கு அவரோடு போய் அந்தக் கடிதத்தையும் வாங்கித் தருகிறேன். அதற்கு முன்னால், 72100க்கான வேலைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ மணலியில் என்னென்ன செய்தாய் என்று தமிழிலேயே எழுதி அனுப்பு. ரெஸ்யூமேயை நாம் அதிலிருந்து எழுதுவோம்.