ஃபேமிலி மெடிசின் சீட்டா? ஸ்டைபண்ட் யார் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள், குடும்ப டாக்டருக்கான மேற்படிப்பான ஃபேமிலி மெடிசின்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், கடைசிவரை ஏதாவது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடந்துவிடுவாளோ என்று பயப்படுகிறீர்கள். படிப்பைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பயந்து விசாரிக்க வேண்டியது பாண்டை: படித்து முடித்ததும் சொன்ன இடத்தில் வேலை பார்ப்பேன், இல்லையேல் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பி.ஜி. சீட், அதாவது மேற்படிப்பு இடம், என்றால் மூன்று வருடம் சம்பளத்தோடு பார்க்கிற வேலை. அந்தச் சம்பளத்தை, அதாவது ஸ்டைபண்டை, யார் தருகிறார்களோ, அவர்கள் பின்னால் ஏதாவது கேட்பார்கள். அரசு ஏன் கேட்கிறது என்பதும் வெளிப்படை. 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரப்படி, சமுதாய சுகாதார மையங்களில் தேவையான ஸ்பெஷலிஸ்டுகளில் 79.5 சதவீதம் பேர் இல்லை. ஐந்து நாற்காலி போட்டால் நாலு காலி.

கர்நாடகக் கணக்கு இது. அரசுக் கல்லூரி பி.ஜி. ஸ்டைபண்ட் 2024 ஆகஸ்டிலிருந்து 25 சதவீதம் உயர்ந்தது. முதல் வருடம் 45,000 ரூபாயாக இருந்தது 56,250 ஆனது. அதே மாநிலத்தில்தான் 2012 கட்டாய சேவைச் சட்டமும் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஒரு வருடம், பி.ஜி. முடித்ததும் ஒரு வருடம் அரசு சொல்கிற இடத்தில் வேலை. போகாவிட்டால் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை அபராதம். பிற்பாடு வந்த திருத்தம், காலியிடம் இருக்கிற அளவுக்குத்தான் ஆளை அனுப்ப வேண்டும் என்று இதைத் தளர்த்தியது. ஆகவே அழைப்பு வராமலும் போகலாம். ஆனால் அழைப்பு வரவில்லை என்பதற்கும் கையில் காகிதம் வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வெளிமாநிலம் போய்விட்டு, பிறகு மெடிக்கல் கவுன்சிலில் நிரந்தரப் பதிவுக்கு அலைவதுதான் இதில் வழக்கமாக நடக்கிற கோளாறு.

கல்லூரி தனியாக வாங்குகிற பாண்டு வேறு, மாநிலச் சட்டம் வேறு. ஒன்றை முடித்தால் மற்றது தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி ஃபேமிலி மெடிசின். எம்.டி. சீட் மிகச் சில கல்லூரிகளில்தான் உண்டு. ஆகவே பெரும்பாலோருக்கு வழி தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி. பட்டம். மூன்று வருடம், நீட் பி.ஜி. ரேங்க்தான், கவுன்சிலிங் அகில இந்திய அளவில். இதே வாரியம் இரண்டு வருட டிப்ளமோவும் நடத்துகிறது. வாரியம் வகுத்த குறைந்தபட்ச ஸ்டைபண்ட் மூன்று வருடங்களுக்கு முறையே 35,000, 37,000, 39,000 ரூபாய். மாநில அரசு தருவது இதைவிட அதிகமென்றால் அதைத்தான் தர வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளில் தகராறு பெரும்பாலும் மாநில அரசின் அளவுக்குத் தர வேண்டும் என்ற இந்த விதியில்தான். கவுன்சிலிங்கில் எந்த ஆஸ்பத்திரி என்று சாய்ஸ் லாக் செய்யும் முன் அங்கே இப்போது படிக்கிற சீனியர் ஒருவரிடம், போன மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வெப்சைட் சொல்வது போதாது.

அந்த சீனியரிடமே ரொட்டேஷன் சார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். மகப்பேறு, குழந்தை மருத்துவம், சர்ஜரி, மெடிசின் என்று ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம், லேபர் ரூமில் கையால் செய்ய விடுகிறார்களா, வெளியே ஓரமாய் நிற்க வைக்கிறார்களா? பல இடங்களில் ஃபேமிலி மெடிசின் ரெசிடெண்ட் என்றால் கேஷுவாலிட்டியில் ராத்திரி டூட்டிக்கு ஒரு ஆள் என்றே கணக்கு. அப்படி மூன்று வருடம் கழித்துவிட்டு வாரியத் தேர்வில் உட்கார்ந்தால் கை நடுங்கும். தேர்வை நடத்துவது வாரியம், சொந்த ஆஸ்பத்திரி அல்ல. பிடிக்கவில்லை என்று நடுவில் விட்டால், அந்தப் படிப்பின் கால அளவுக்கு வாரியப் படிப்புகளில் சேரத் தடையும் வரும்.

தபால் வழி ஃபேமிலி மெடிசின் டிப்ளமோ ஒன்றையும் கேட்டிருந்தீர்கள். அறிவுக்கு நல்லது, வேலையில் இருப்பவருக்கு உதவும். ஆனால் அதை வைத்து ஸ்பெஷலிஸ்ட் என்று பதிவு செய்ய முடியாது. இது தெரியாமல் இரண்டு வருடத்தையும் பணத்தையும் போட்டவர்கள் நிறைய.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளிவிவரம் சமுதாய சுகாதார மையத்தில் கணக்கெடுக்கிற ஸ்பெஷலிஸ்ட் பதவிகள் சர்ஜன், பிசிஷியன், மகப்பேறு, குழந்தைகள் என நாலு. ஃபேமிலி மெடிசினுக்கென்று அரசில் தனிப் பதவி அரிது. அரசு வேலையே குறி என்றால் இது பாதகம். சொந்த கிளினிக், கார்ப்பரேட் ஓ.பி., மிஷன் ஆஸ்பத்திரி என்றால் பாதகமில்லை.

சொந்த ஊர் திருப்பத்தூர் என்பதால் தமிழ்நாட்டில் உள்ளூர்க்காரர் கோட்டா கேட்கலாமா? 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பி.ஜி. சீட்டில் குடியிருப்பு அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. படித்த கல்லூரியை வைத்து ஓரளவு முன்னுரிமை தரலாம் என்றது, அவ்வளவே. அரசுப் பணியில் சேர்ந்து இன்-சர்வீஸ் கோட்டாவில் வருவது தனி வழி. தமிழ்நாட்டு டாக்டர்கள் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 தீர்ப்பு அதற்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. மெதுவான வழி, ஆனால் கிராமத்தில் போட்ட வருடங்கள் வீணாகாது.

அமெரிக்காவில் இருக்கும் தம்பி கூப்பிடுகிறார் என்றீர்கள். அங்கே ரெசிடென்சி எனும் மேற்பயிற்சிச் செலவில் பெரும்பங்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் காசு. 1997 சட்டம் அந்தக் காசுக்கான சீட்டுகளை 1996 கணக்கிலேயே நிறுத்தியதால், காசு ஏற்கெனவே சீட் வைத்திருந்த நகர ஆஸ்பத்திரிகளிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டது. கிராமத்துக்கு ஆள் வேண்டுமென்று 2010 சட்டத்தில் சமூக கிளினிக்குகளுக்குத் தனி நிதி வந்தது. 2019 முதல் புதிய கிராம ரெசிடென்சி தொடங்க மூன்று வருடத்துக்கு 7,50,000 டாலர் வரை தருகிறார்கள். அது அடுப்பு மூட்டத்தான், தினமும் சோறு பொங்க அல்ல. ஸ்டைபண்டுக்கு வேறு இடத்தில் பணம் தேட வேண்டும். அதனால் புதிதாகத் தொடங்கிய ப்ரோக்ராம் என்றால், மூன்றாம் வருடச் சம்பளம் எந்த நிதியில் என்று இண்டர்வியூவில் மகள் கேட்கலாம், தப்பில்லை. பயிற்சிக்குப் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் போனால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும். அதைத் தவிர்க்க, டாக்டர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று வருட வேலை என்ற கான்ராட் 30 வழி உண்டு, மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். பாண்டு அங்கேயும் விடவில்லை, பார்த்தீர்களா!

இங்கேயே எம்.டி. கிடைத்தால், மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியும் உண்டு, மூன்றாவது முதல் ஐந்தாவது செமஸ்டருக்குள். ஸ்டைபண்ட் நிற்காது. முடிக்காமல் இறுதித் தேர்வு எழுத முடியாது, ஆகவே அனுப்பும் ஆர்டர், வருகைப் பதிவு, லாக்புக் மூன்றையும் நகலெடுத்து வைக்கட்டும்.

பெங்களூருப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை: கன்னடம். நகரத்துக் கன்னடம் மட்டும் போதாது. இங்கே 'ஹொட்டெ நோவு' என்கிற வயிற்றுவலியை ராய்ச்சூர் பக்கத்துப் பாட்டி 'ஹொட்டி ப்யானி' என்பார். கோலார் தங்கவயலில் தமிழே ஓடும், யாத்கிரில் ஓடாது. போஸ்டிங் ஆர்டர் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் இரண்டு காகிதம் எடுத்து வைத்தால் போதும்: எம்.பி.பி.எஸ். சேரும்போது கையெழுத்துப் போட்ட பாண்டு, அப்போது ஒப்படைத்த ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளுக்கு வாங்கிய ரசீது. ரசீது இல்லையென்றால் நாளைக்கே கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். கவுன்சிலிங் தேதி வந்தபின் அந்த கவுண்டரில் நிற்க இடம் இருக்காது.