மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கைத்துப்பாக்கி வாங்கிப் பரிசளிக்கலாமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது: மாமனார் மன்னார்குடி பக்கம் தென்னந்தோப்புக்குள் தனி வீட்டில் இருக்கிறார், வருகிற தையில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். இந்த வருஷத்தில் இரண்டு தடவை மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மருமகனும் அமெரிக்காவில் இருக்கும் மச்சினனும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பிஸ்டல் வாங்கிக் கொடுக்க நினைக்கிறார்கள். லைசென்ஸை மருமகன் பேரில் எடுத்து, துப்பாக்கியை மாமனார் வீட்டில் வைக்கலாமா?

வைக்க முடியாது. பணம் கொடுக்கலாம், அலைச்சலில் பங்கெடுக்கலாம், ஆனால் துப்பாக்கியைப் பரிசுப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பார்ப்பது யார் காசு போட்டார்கள் என்பதை அல்ல, யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்கு லைசென்ஸ் உண்டா என்பதைத்தான். லைசென்ஸ் உங்கள் பேரில், துப்பாக்கி மாமனார் பீரோவில் என்றால், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் உங்கள் மாமனார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை, அபராதம் வேறு. வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவர் என்று தெரிந்தே கொடுத்ததற்கு உங்கள் மேலும் தனியாக வழக்கு வரும். சாந்தி கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் நீதிபதி வேண்டுமானால் சிரிப்பார்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் எங்கள் வீடு ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். தாத்தாவிடம் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது, முறையான லைசென்ஸோடு. நான் பார்த்து அவர் அதைச் சுட்டதே கிடையாது. தேங்காய் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் துடைப்பார், உறையில் போடுவார், அவ்வளவுதான். தேர்தல் அறிவிப்பு வந்தால் மட்டும் அதைக் கோணிச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், எண்ணிக்கை முடிந்தபின் போய்த் திரும்ப வாங்கி வருவார். 2018 ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து மூச்சுவிடுவதற்குள் நவம்பரில் கஜா புயல், தோப்பில் பாதி மரம் சாய்ந்து கிடந்தது, பத்தாயத்துக்குள் கிடந்த துப்பாக்கி யாருக்கு ஞாபகம் வரும்? நிலம், நகை மாதிரி அதுவும் அப்பா சொத்து, பிள்ளைக்கு வந்துவிட்டது என்றுதான் என் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

2019 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்ததும், வழக்கம்போல அதே சாக்கில் சுற்றி அப்பா ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார், நானும் கூடப் போனேன். எழுத்தர் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது யாரு, நீங்களா?" என்றார். "இல்லைங்க, எங்க அப்பா." "அவரு வரலையா?" "அவரு தவறிட்டாருங்க, ஏழு மாசம் ஆச்சு." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இந்த ஏழு மாசமும் இது யார் கையில இருந்துச்சு?" என்றார். அப்பாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. லைசென்ஸ்காரர் இறந்தால் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும், வாரிசாகவே இருந்தாலும் தன் பேரில் லைசென்ஸ் வரும்வரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், புயல் வருஷம் வேறு, வழக்கு ஏதும் போடாமல் மனு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அத்தைகள் இருவரின் சம்மதக் கையெழுத்து என்று வாங்கி முடித்தார்கள். எல்லா ஸ்டேஷனிலும் அப்படி விடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். மாமனார் பேரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர்தான் லைசென்ஸ் கொடுக்கிறவர், திருச்சி மாதிரி கமிஷனர் இருக்கிற மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனர். விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்று கேட்பார்கள், பத்திரமாக வைக்க வீட்டில் என்ன ஏற்பாடு என்று கேட்பார்கள், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றும் வேண்டும். அப்புறம் போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை அறிக்கை. இதில் முக்கியமான இடம் எதற்காக என்கிற கேள்வி. பழைய குழல் துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் சட்டமே வித்தியாசம் பார்க்கிறது: 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்கென்று கேட்பது ஒரு ரகம், பிஸ்டலோ ரிவால்வரோ கேட்டால் தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். மோட்டார் ஒயர் திருட்டு அந்தக் காரணம் ஆகுமா? என் அபிப்பிராயத்தில் ஆகாது. உயிருக்கு மிரட்டல் இருந்து அதற்குப் புகார், எஃப்ஐஆர் என்று காகிதம் இருந்தால் பேச்சு வேறு. இரண்டு திருட்டுக்கும் புகார் கொடுத்தீர்களா என்பதை முதலில் பாருங்கள், நம் பக்கம் பாதிப் பேர் ஒயர் போனால் புகாரே கொடுப்பதில்லை.

லைசென்ஸ் கிடைத்தாலும் இஷ்டப்பட்டதை வாங்க முடியாது. குண்டின் அளவைப் பொறுத்து 9 எம்எம், .38 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கிடையாது. நடைமுறையில் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல்தான். விலையும் சின்ன விலை இல்லை, பெண்களுக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் கொண்டுவந்த 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரே அப்போது 1,22,360 ரூபாய். கடையில் பில் மாமனார் பேரில், அவர் லைசென்ஸைக் காட்டித்தான் போட வேண்டும். உங்கள் பரிசு நுழைகிற இடம் அந்தக் கடைக் கவுண்டர்தான், காசை நீங்கள் கட்டிக்கொள்ளலாம்.

உங்களிடமே லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி இருந்து அதைக் கொடுக்க நினைத்தாலும் அவருக்கு முதலில் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மேல் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்துவிட்டு 45 நாள் காத்திருந்துதான் கைமாற்ற வேண்டும். ஒருவரிடம் மொத்தம் 2 துப்பாக்கிக்கு மேல் இருக்கக் கூடாது, முன்பு 3 என்று இருந்ததை 2019-இல் குறைத்துவிட்டார்கள். லைசென்ஸைப் புதுப்பிப்பது 5 வருஷத்துக்கு ஒரு தடவை. வைபவத்தன்று வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு என்று யாராவது ஆசைப்பட்டால் அதற்கும் 2019 திருத்தத்தில் 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் வேட்டுக்கு வாணக்காரர் இருக்கிறார், அது போதும்.

மச்சினன் விஷயம். "இங்கே அப்பாவுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்களே" என்று அவர் சொல்லியிருப்பார், அது உண்மைதான், அமெரிக்காவில் சொந்தக் காசில் வாங்கி, வைத்துக்கொள்ளத் தடையில்லாத சொந்தக்காரருக்குப் பரிசாகக் கொடுக்கலாம். அடுத்தவர் காசை வாங்கிக்கொண்டு தனக்கு என்று எழுதிக் கொடுத்து வாங்கினால்தான் குற்றம். அங்கே ஒரு முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமா அனுப்பிய 400 டாலரில் ஒரு பிஸ்டல் வாங்கினார், மாமாவும் சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடியவர்தான், இருந்தும் 2014-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. அந்த நாட்டுச் சட்டம் அந்த நாட்டோடு. மச்சினன் எச்1பி விசாவில் இருந்தால் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர அங்கே அவரே வைத்துக்கொள்ள முடியாது, அதையும் சொல்லி வையுங்கள். வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்கும் நடுவில் மாமனாரிடம் கேட்டீர்களா? கேள்வியில் அதைக் காணோம். விண்ணப்பத்தில் கையெழுத்து, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி, விசாரணைக்கு வரும் போலீஸுக்குப் பதில், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷன் நடை, எல்லாம் அவர் தலையில். ஆச்சரியமாகக் கொடுக்கிற பரிசு இது இல்லை. எங்கள் அப்பாவிடம் வாரிசு லைசென்ஸுக்குப் போடலாமா என்று கேட்டதற்கு, "ஒருதரம் அந்த எழுத்தர் முன்னாடி நின்னது போதும்டா" என்று சொல்லிவிட்டார். துப்பாக்கியை வியாபாரி ஒருவரிடம் பாதுகாப்புக்கு வைத்து இரண்டு வருஷம் வாடகை கட்டினோம், பிறகு அங்கேயே முறைப்படி விற்றாயிற்று. தோப்புக்கு இப்போது சோலார் கேமரா இரண்டு போட்டிருக்கிறோம், மோட்டார் ஒயரைத் தரைக்குக் கீழே இரும்புக் குழாய்க்குள் இறக்கிவிட்டோம். அதில் ஏதாவது விவரம் வேண்டுமென்றால் கேளுங்கள், செலவுக் கணக்கோடு சொல்கிறேன்.