கை ஓங்கியதில்லை, சரி. நாக்கு?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பினாங்கில் சிறிய நாசி கண்டார் (சோறும் குழம்பு வகைகளும்) கடை நடத்துகிறேன். நிக்காஹ் முடிந்து பதினான்கு ஆண்டுகள், மூன்று பிள்ளைகள். கடைக்கான மசாலாவை மனைவிதான் வீட்டில் அரைத்துக் கூட்டித் தருகிறார். இரவில் கணக்கும் எழுதுகிறார். நோன்புப் பெருநாள் அன்று என் உம்மா, அக்காமார், அவர்களின் பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, தால்சாவில் உப்புக் கூடிவிட்டது என்று சத்தம் போட்டேன். "உன் வீட்டில் என்னதான் கற்றுக்கொடுத்தார்கள்?" என்றும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளைகளின் பள்ளி, கடைக் கணக்கு தவிர வேறு எதையும் அவர் என்னிடம் பேசுவதில்லை. தங்க வளையல் வாங்கிக் கொடுத்தேன், அலமாரியில் வைத்துவிட்டார். ஒருநாளும் அவர் மீது கை ஓங்கியதில்லை. செலவுக்குக் குறை வைத்ததில்லை. "பெண்களுக்கு இடம் கொடுத்தால் இப்படித்தான். ஆண்கள்தான் நிர்வாகிகள் என்று குர்ஆனே சொல்கிறது" என்கிறார் நண்பர். நான் செய்த தவறு என்ன? அவரை எப்படிப் பழையபடி பேசவைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பினாங்கு)

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி.

தால்சாவில் உப்பு அதிகம் என்று சொன்னதற்காக ஒரு பெண் இத்தனை நாள் வாய்மூடி இருக்கமாட்டார். பெருநாள் அன்று நடந்தது இந்தப் பதினான்கு ஆண்டுகளில் முதல்முறை என்றால், அன்று மாலையே அழுதிருப்பார், சண்டை போட்டிருப்பார், மறுநாள் சமாதானமாகியிருப்பார். சண்டை போட்டுப் பயனில்லை என்று கண்டுகொண்டவர்தான் பேச்சை நிறுத்துவார். ஆகவே பெருநாள் விருந்தை மட்டும் நினைத்துப் பார்க்காதீர்கள். கடைப்பையன்கள் முன்னால், வாடிக்கையாளர்கள் முன்னால், பிள்ளைகள் முன்னால் இதற்கு முன்பு என்னவெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து யோசியுங்கள்.

அன்று நீங்கள் கறியைக் குறை சொன்னதோடு நிறுத்தவில்லை. "உன் வீட்டில்" என்று அவரைப் பெற்றவர்களை இழுத்தீர்கள். மாமியாரும் நாத்தனார்களும் கேட்டுக்கொண்டிருக்க, தாம் பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தம் தாய்தகப்பனுக்காக ஒரு வார்த்தை பேச முடியாமல் அவர் நின்றிருக்கிறார். நாள் முழுக்க அடுப்படியில் நின்று சமைத்தவருக்குக் கிடைத்த பெருநாள் பரிசு அதுதான்.

கை ஓங்கியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நபி (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் அடித்ததே இல்லை என்று அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பது 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. நபிவழியை நம்பும் ஒருவர் அடிக்காமல் இருப்பதைத் தனிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அபூதாவூத் தொகுப்பில் வரும் ஒரு நபிமொழியையும் கேளுங்கள். மனைவிக்கு எங்கள் மீதுள்ள உரிமை என்ன என்று ஒரு தோழர் கேட்கிறார். நீ உண்ணும்போது அவளுக்கும் உணவளி, நீ உடுத்தும்போது அவளுக்கும் உடை கொடு, முகத்தில் அடிக்காதே, இழிவாகப் பேசாதே, வீட்டுக்குள்ளே தவிர அவளை விட்டு விலகியிருக்காதே என்று பதில் வருகிறது. உணவையும் உடையையும் சொன்ன அதே மூச்சில் வாயைக் காத்துக்கொள்ளவும் சொல்லப்பட்டிருக்கிறது. செலவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று பாதியில் கணக்கை முடித்துவிட்டீர்கள், தம்பி.

உணவைப் பற்றியே தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உங்கள் தொழில் சுவை பார்க்கும் தொழில். கடையில் குழம்பைச் சுவைத்துக் குறை கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அதைச் செய்தே ஆகவேண்டும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்காரும்போது நீங்கள் முதலாளி இல்லை.

எனக்கு மிகவும் பிரியமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுவும் புகாரியில் இருப்பதுதான். அனஸ் (ரலி) சொல்கிறார்கள். நபியவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி ஒரு கிண்ணத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டில் இருந்த மனைவி, கொண்டுவந்த பணியாளரின் கையைத் தட்டிவிட, கிண்ணம் கீழே விழுந்து உடைந்தது. தட்டிவிட்டவர் ஆயிஷா (ரலி) என்று வேறு அறிவிப்புகள் சொல்கின்றன. அங்கே தோழர்களும் இருந்தார்கள். எந்தக் கணவனுக்கும் தலை குனியும் நேரம்தான் அது. நபியவர்கள் உடைந்த துண்டுகளைத் தாமே பொறுக்கினார்கள். சிதறிய உணவைத் தாமே சேர்த்தார்கள். "உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்கள். பணியாளரை இருக்கச் சொல்லி, அந்த வீட்டிலிருந்த நல்ல கிண்ணம் ஒன்றை உடைந்ததற்குப் பதிலாகக் கொடுத்தனுப்பினார்கள்.

அந்த இடத்தில் "உங்கள் அன்னை" என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். தவறு நடந்த அந்தக் கணத்திலேயே, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனைவியின் மதிப்பை நினைவூட்டிவிட்டார்கள். தவறை மூடி மறைக்கவும் இல்லை. கிண்ணத்துக்கு ஈடு கொடுத்தாயிற்று. கண்டிப்பு ஏதேனும் இருந்திருந்தால் அதற்கு விருந்தாளிகள் சாட்சி இல்லை. உங்கள் வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லையே, உப்புத்தானே கூடியது!

இனி நண்பருக்கு வருகிறேன். அவர் சொல்லும் வசனம் அந்நிஸா அத்தியாயத்தில் 34ஆவது. அதை எட்ட அதே அத்தியாயத்தின் 19ஆவது வசனத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். மனைவியரோடு நல்லமுறையில் வாழுங்கள். அவர்களிடம் ஏதேனும் உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும், நீங்கள் வெறுக்கும் ஒன்றில் அல்லாஹ் ஏராளமான நன்மையை வைத்திருக்கக்கூடும் என்கிறது அந்த வசனம். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்கிறவரிடம் உங்கள் வீட்டு விஷயத்தை இனிமேல் கொண்டுபோகாதீர்கள். இடம் கொடுத்தால் தலைமை போய்விடும் என்ற பயமா? 628ஆம் ஆண்டு மக்காவாரோடு ஹுதைபியா உடன்படிக்கை முடிந்ததும், பலிகொடுத்துத் தலைமுடி களைய நபியவர்கள் சொல்லியும் மனம் நொந்திருந்த தோழர்கள் எழுந்திருக்கவில்லை. நபியவர்கள் கூடாரத்துக்குள் போய்த் தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். "யாரிடமும் பேசாமல் முதலில் நீங்கள் செய்யுங்கள்" என்றார்கள் அந்த அம்மையார். நபியவர்கள் அப்படியே செய்தார்கள், எல்லோரும் எழுந்து பின்பற்றினார்கள்.

மசாலாவைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதை அப்படி விடமாட்டேன். மலேசியாவில் நாம் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் நூல்களின்படி, வீட்டுச் சமையலே மனைவி மீது சட்டக் கடமை இல்லை. அவர் மனமுவந்து செய்யும் நன்மை அது. அப்படியிருக்க, கடைக்கு மசாலா அரைப்பதும் கணக்கு எழுதுவதும் எந்தக் கடமையில் சேரும்? உங்கள் கடையின் ருசி அவர் கையில் இருக்கிறது. செலவுக்குக் கொடுத்தேன் என்று நீங்கள் சொல்லும் பணத்தில் அவர் உழைத்த பணமும் கலந்திருக்கிறது. மாதாமாதம் ஒரு தொகையை அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். நீங்கள் தரவேண்டிய நஃபகாவில் (வாழ்க்கைச் செலவில்) அதைக் கழிக்காதீர்கள், எதற்குச் செலவு செய்தாய் என்றும் கேட்காதீர்கள். மணவாழ்வில் சேர்ந்த சொத்தை 'ஹர்த்தா செபென்சாரியான்' என்று பங்கிடும்போது, வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்ட மனைவியின் பங்களிப்பைக்கூட ஷரீஆ நீதிமன்றம் கணக்கில் எடுக்கிறது. நீதிமன்றம் பார்க்கும் ஒன்றைக் கணவன் முன்கூட்டியே பார்க்கக் கூடாதா?

வளையலை அவர் போட்டுக்கொள்ளாததில் எனக்கு வியப்பில்லை. நீங்கள் கேட்காத மன்னிப்புக்குப் பதிலாக அது வந்தது. வாயால் கேளுங்கள். "நீயும் கொஞ்சம் கவனமாகச் சமைத்திருக்கலாம்" என்ற வால் அதில் இருக்கக்கூடாது. "உன் அத்தா அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை, எல்லோர் முன்னாலும் உன்னை அவமானப்படுத்திவிட்டேன்" என்று, என்ன செய்தீர்களோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறகு உங்கள் உம்மாவும் அக்காமாரும் கூடும் இன்னொரு நாளில், அவர்கள் காதில் விழும்படி அதையே மறுபடியும் சொல்லுங்கள். இது கடினம், தெரியும். எல்லோர் முன்னாலும் கொடுத்த வலியைப் படுக்கையறைக்குள் மட்டும் தீர்த்துவிட முடியாது. உம்மா வருத்தப்படுவாரோ என்று தயங்காதீர்கள். தாய்க்கு மூன்று முறை முதலிடம் சொன்ன மார்க்கம் மனைவியைத் தாழ்த்தித் தாயை உயர்த்தச் சொல்லவில்லை. உங்கள் உம்மாவும் ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்தவர்தானே?

முடிந்தால் அவருடைய பெற்றோரைப் போய்ப் பாருங்கள். நடந்ததைச் சொல்லவேண்டாம், நலம் விசாரித்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எப்படிப் பேசவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வழி சொல்லமாட்டேன். பேசுவதும் பேசாததும் இப்போது அவர் உரிமை. மன்னிப்புக் கேட்ட மறுநாளே முகம் மலரவில்லை என்று கோபித்துக்கொண்டால், கேட்டது வீணாகிவிடும். பழையபடி ஆகவேண்டும் என்றும் ஆசைப்படாதீர்கள். அந்தப் பழையபடியில்தான் அவர் இத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்கிறார்.

சகோதரி, இந்த இதழ் உங்கள் கைக்கும் வரக்கூடும் என்பதால் உங்களுக்கும் சில வார்த்தைகள். உங்கள் வீடு அந்த நிலைக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு மாநிலத்தின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்படி, கொடுமையான நடத்தையால் மனைவியின் வாழ்வைத் துயரமாக்குவதும் ஃபஸக் (நீதிமன்றம் வழியாகத் திருமண ரத்து) கேட்பதற்கு ஒரு காரணம்; அடி விழுந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். 2012இல் திருத்தப்பட்டபின் மனரீதியான கொடுமையும் அதில் சேர்ந்திருக்கிறது. யாரிடமாவது பேசவேண்டும் என்று தோன்றினால் மாநில இஸ்லாமிய சமய விவகாரத் துறையில் குடும்ப ஆலோசனை கேட்கலாம். தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.