சாயம் ஏற்றும் முன் துணியைப் பாருங்கள்

கேள்வி: வெளுத்துப்போன பருத்திச் சட்டைக்குக் கருநீலம் ஏற்றினேன். உப்பும் வினிகரும் சேர்த்தும் முதல் சலவையிலேயே பாதி நிறம் போய்விட்டது. ஏன்?

வினிகரை நம்பி நல்ல துணிகள் வீணாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பட்டு, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்கான அமிலச் சாயத்துக்குத்தான் வினிகர் உதவும். பருத்தியில் அது எதையும் பிடித்துவைக்காது. உப்பு, சாயத்தை நூலின் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் வாங்குங்கள். 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகை, நூலோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அதற்குக் காரம் வேண்டும். சலவை சோடா தருவது அதைத்தான். சமையல் சோடா போதாது. குளிர்நீர் வகையானால் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பு போதும். சாயமும் உப்பும் கலந்த நீரில் துணியை 20 நிமிடம் புரட்டுங்கள். பிறகு சோடாவைத் தனியே கரைத்து, துணியின்மேல் படாமல் ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். முதலில் குளிர்ந்த நீரில் அலசி, கடைசியில் சோப்புத் தூளோடு நல்ல சூடான நீரில் துவையுங்கள். ஒட்டாமல் தங்கிய சாயம் சூட்டில்தான் முழுதாக வெளியேறும். இதைத் தவிர்த்தால் மற்றத் துணிகளிலும் கறை ஏறும்.

ஒரு கிலோ உலர்ந்த துணிக்கு நடுத்தர நிறமென்றால் 20 முதல் 40 கிராம் தூள். கறுப்புக்கு 80 கிராம் வரை. தூளைக் கரைக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசு மூச்சுக்குழாயில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது.

கேள்வி: சிவப்புப் பாவாடையை மஞ்சளாக்க முடியுமா?

முடியாது. சாயம் பழைய நிறத்தை மூடாது, அதோடு கலக்கும். சிவப்பின்மேல் மஞ்சள் ஏற்றினால் செம்மஞ்சள், நீலம் ஏற்றினால் ஊதா. பழைய நிறத்தை நீக்கிவிட்டு ஏற்றலாம் என்பார்கள். ஆனால் குளோரின் பிளீச் பட்டையும் கம்பளியையும் அரித்தே விடும். அடர்நிறத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: பாலியஸ்டர் மேலங்கி?

அதற்கென உள்ள டிஸ்பர்ஸ் சாயத்தில், கொதிநிலையை ஒட்டிய சூட்டில் அரை மணி நேரமாவது வைத்துக் கிளற வேண்டும். அந்தப் பாத்திரத்தில் இனி சமைக்கக் கூடாது. முதல்முறை செய்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: துணியில் சாயம் ஏறிவிட்டது, தையல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறதே?

தையல் நூல் பாலியஸ்டர். பருத்திச் சாயம் அதில் ஏறாது.

கேள்வி: திட்டுத் திட்டாக ஏறுகிறது.

பாத்திரம் சிறிதாக இருந்திருக்கும், அல்லது துணியில் கஞ்சி தங்கியிருக்கும். முன்பே துவைத்து, ஈரத்தோடு போடுங்கள். முதல் 15 நிமிடம் கை ஓயாமல் புரட்டுங்கள்.