கொரோனாவுக்குப் பிறகு பஸ்ஸா, பைக்கா? கேள்வி பதில்

கொரோனா காலம் நம் பக்கத்து ஆட்களின் போக்குவரத்தை எப்படி மாற்றியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தருமபுரியில் பல வருடம் பஸ் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, எங்கள் ஊரில் பஸ்ஸில் போன பல பேர் இன்னும் பைக்கிலேயே போகிறார்கள். இன்னுமா பயம்?

பயம் எப்போதோ போய்விட்டது தம்பி. போகாமல் நிற்பது வண்டித் தவணை. நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஜூன் 1-ல் பஸ் விட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை எல்லாம் ஒரே மண்டலம், அதற்குள் மட்டும்தான் ஓட்டம், அதுவும் 60 சதவீத இருக்கைக்குத்தான் ஆள். ஜூலையில் மறுபடி நிறுத்தம். செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள், 7-ல் வெளி மாவட்டத்துக்கு என்று திரும்ப வந்தது. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது என்றால் வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்? கடனோ உடனோ வாங்கி ஒரு பழைய வண்டியாவது எடுப்பான்.

எடுத்த பிறகு கணக்கே வேறு. டிக்கெட் காசு ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் போவது தெரியும். வண்டி விலை போனது போனதுதான்; பெட்ரோல் மட்டும்தான் கண்ணில் படும். அப்புறம் அவனைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைப்பது லேசில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து: ஆனால் பெண்கள் கூட்டம் பஸ்ஸில் குறையவே இல்லையே ஐயா?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது 2021 மே 8-ல் அமலுக்கு வந்தது. வேடிக்கை, மூன்றாம் நாளே இரண்டாம் அலை ஊரடங்கு, பஸ்ஸே நின்றுபோனது! பஸ் திரும்பியதும் அவர்களும் திரும்பினார்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டில் ஒரே வண்டி என்றால் சாவி பெரும்பாலும் ஆண் கையில். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளிக் கூடையோடு ஏறுகிற அம்மாவிடம் போய் 'ஏன் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று கேட்டால் சிரிப்பார்.

ஓசூரிலிருந்து: வீட்டிலிருந்தே வேலை என்றதால் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போகிற கூட்டம் குறைந்ததா?

கணினிக்காரர்களுக்குக் குறைந்தது. சிப்காட் தொழிலாளிக்கு ஏது? லேத் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே.

தொப்பூரிலிருந்து: நோய்க் காலத்தில் சொந்த வண்டிதானே பாதுகாப்பு?

தொற்றுக்கு, ஆம். கதவடைத்த ஏசி பஸ்ஸை விட ஜன்னல் திறந்த பஸ் மேல். தனி வண்டி அதைவிட மேல். ஆனால் ஆபத்து ஒன்றுதானா? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அதனால் அடுத்த ஒரு வருடத்தில் சாலை விபத்தில் சுமார் 1,500 பேர் கூடுதலாக இறந்ததாக கிகெரென்சர் என்ற உளவியல் அறிஞர் கணக்கிட்டார். புதிய ஆபத்து மனதை ஆட்டிப் படைக்கும். பழகிய ஆபத்து கண்ணிலேயே படாது. விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. லாரிகளுக்கு நடுவே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பைக்கில் இறங்குகிறவர் கிருமிக்கு மட்டும் பயப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து: ஊரடங்கில் வெளியூர் போக வாங்கிய இ-பாஸ் மாதிரி முன்பு எதுவும் இருந்ததா?

இருந்தது. 1898-ல் பெங்களூருக்கு பிளேக் வந்தது, ரயில் வழியாக. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர் அதை வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் தினமும் ஆய்வுக்கு வந்து நிற்க வேண்டும். நம் பகுதி அப்போது சேலம் மாவட்டம். 2020-ல் இ-பாஸுக்கு அலைந்தவர்கள் தங்களுக்கு மட்டும்தான் இந்தக் கொடுமை என்று நினைத்தார்கள்!

பென்னாகரத்திலிருந்து: ஒகேனக்கல் திறந்ததும் அப்படி ஒரு கூட்டமாமே?

அடைத்து வைத்த மனுஷன் வேறு எங்கே போவான்? தூரப் பயணத்துக்குத் தயக்கம். காலையில் சொந்த வண்டியில் போய் மீன் சாப்பிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம்.

மறுபடி பாலக்கோடு: அப்படியானால் நான் பைக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸுக்கு மாறலாமா அண்ணா?

உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது தினமும் வருகிறதா? இரண்டையும் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.